ஏழாம் மரத்தில் ஒட்டிக்கிடந்த வருசம்

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ யேசுதாசின் மனைவி அம்சாவுக்கு இமயமலையில் நாற்பது மரங்களைத் தெரியும் என்று சொன்னால், அவள் பிறந்த தென்னேரியில் இன்றைக்கும் சிரிப்பார்கள். ரயிலில் அவள் அரக்கோணத்தைத் தாண்டியது இல்லை. மலை என்று ஏறியது பரங்கிமலை ஒன்றுதான், அதுவும் மகன் ராமராஜனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது வைத்த வேண்டுதலுக்காக. ஆனாலும் அந்த மரங்களை அவளுக்குத் தெரியும். எது கல்லுச் சரிவில் நிற்கிறது, எது பனிக்குப் பக்கத்தில் நிற்கிறது, எதற்கு எந்த வருசம் தண்ணீர் போதவில்லை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவள் பெரியம்மா கங்கையம்மாளிடம் இருந்து தொடங்க வேண்டும்.

அம்சாவின் அப்பா மாரிக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. தென்னேரி ஏரி மதகுக்குக் கீழே அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் காலம் தள்ளியவர். மாரியின் மனைவிக்கு நேர் மூத்தவள் கங்கையம்மாள். அவள் காஞ்சிபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் சீக்கிரமே போய்விட, பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போக ஆரம்பித்தாள். பிள்ளை இல்லாததால் தங்கை மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அப்படித்தான் அம்சா பதினான்கு வயதில் குமாரசாமி வீட்டுத் தறிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பாவு பிணைப்பது என்றால் இதுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் வால் முனையை அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் இழை. நடுவில் எங்கேயாவது ஒன்று தவறினால் அங்கே ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பக்கம் ஓர் இழை துணையில்லாமல் நிற்கும்போதுதான் தெரியும்.

கங்கையம்மாள் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. கஞ்சி ஏறிய பட்டில் சில சமயம் இரண்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். "அதைப் பிரிக்கிறேன்னு மல்லுக்கட்டாத. ரெண்டுமே அறுந்து போவும். ஒண்ணா வச்சு முறுக்கிட்டுப் போய்க்கினே இரு. கடைசியில குறைஞ்சா உதிரி இழை ஒண்ணு விட்டுக்கலாம்" என்பாள். சேலையில் அது யார் கண்ணுக்கும் படாது. முப்பத்தைந்து வருசத்தில் அம்சாவின் விரல் அதை அவளைக் கேட்காமலே செய்யப் பழகிவிட்டது.

பிணைப்பு வேலை தினமும் வராது. வாரத்தில் ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு நாள். அதனால் ராமராஜன் ஒரகடத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே துப்புரவு ஆட்களுக்கு மேற்பார்வை ராமலிங்கம். வாய் கொஞ்சம் நீளமே தவிர, கெட்ட மனுஷன் இல்லை.

மூன்றாவது மாடி, கலையரசி மேடத்தின் அறை அவள் பங்குக்கு வந்தது. வேறு அறைகளில் ஒரு முறை கூட்டினால் போதும். இங்கே மூன்று முறை கூட்டினாலும் மேஜை, தரை, ஜன்னல் எல்லாம் மாவு பூசியது போல மரத்தூள் கிடக்கும். அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் சுகாசினி, பென்சிலைவிட மெல்லிய குச்சிகளைப் பள்ளம் வெட்டிய கட்டைகளில் ஒட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அம்சா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ தேய்க்கிறது உனக்கே நல்லா கீதா?"

சுகாசினி நிமிர்ந்தாள். "ஏன்க்கா?"

"முரட்டுத் தாள்ல ஒரு தேய். அப்புறம் ஒரேடியா நைசுக்குத் தாவிட்ற. நடுவுல ரெண்டு தாள் இல்ல? கீறல் கீறலா நிக்குது பாரு. தூள்தான் வருதே ஒழிய குச்சி பளபளன்னு வரல. நான் ஒரு நாளைக்கு மூணு தபா குனிஞ்சிக்கினு கீறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கொழுந்தன் ஆட்டோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இந்த மாதிரி தேய்ச்சுக் குடுத்தா அவன் உதைப்பான்."

வாசலில் நின்றிருந்த கலையரசி மேடம் சிரித்துவிட்டார். "சுகாசினி, அந்த நடுத் தாள் ரெண்டையும் வாங்கிட்டு வா. அம்சாம்மா, நீங்களே ஒரு குச்சி தேய்ச்சுக் காட்டுங்க" என்றார்.

அம்சா தேய்த்துக் காட்டினாள். பெரிதாகப் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே அதை வைத்து மேடம் வெகு நேரம் பார்த்தார். பிறகு அம்சாவையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வெளுப்பும் கருப்புமாகக் கோடு கோடாக ஓடியது. அம்சாவுக்கு முதலில் தோன்றியது, யாரோ தறி அச்சின் பல்லில் கோத்த பாவு என்றுதான்.

"இது தேவதாரு. இமயமலையில இருந்து கொண்டுவந்தது. மரத்தை வெட்டலை. உள்ளே குழலா இருக்கிற ஒரு திருகை அடிமரத்துல திருகி, இந்தக் குச்சியை மட்டும் உருவிட்டு வருவோம். பிசின் வடிஞ்சு ஓட்டை மூடிக்கும். வசந்தத்துல பனி உருகறப்போ மரம் வேகமா வளரும், அது வெளுப்பு. சீசன் முடியறப்போ மெதுவாகும், அது கருப்பு. ரெண்டும் சேர்ந்தா ஒரு வருஷம்."

"நம்ம ஊரு வேம்பைத் திருகினாலும் இப்படி வருமா மேடம்?"

"குளிர்னு ஒண்ணு வந்தாத்தானே மரம் நின்னு நின்னு வளரும்? நம்ம ஊர்ல இவ்வளவு தெளிவா வராது."

"அப்போ நம்ம ஊரு மரத்துக்கு வயசை மறைக்கத் தெரியும்னு சொல்லுங்க."

இப்படி உப்புத்தாள் அம்சா கைக்கு வந்தது. பத்து நாளில் கண்ணாடியும் வந்தது. சுகாசினி எண்ணி முடிக்கிற நேரத்தில் அம்சா இரண்டு மரம் எண்ணிவிடுவாள். இழை எண்ணிப் பழகிய கண் அது. பத்து வளையத்துக்கு ஒரு ஊசிக் குத்து, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று என்று குறி வைக்க வேண்டும் என்றார்கள். பாவில் அங்கங்கே அடையாளத்துக்கு நூல் கட்டுவது போலத்தானே என்று அவளுக்கு அது உடனே பிடிபட்டது.

"மூணு மாசம் பார்ப்போம். நாற்பது மரம் இருக்குது. கணக்கு சரியா வந்தா ஆபீசுக்கு உங்க பேரை எழுதி, இந்த ஸ்டூலை உங்களுக்கே நிரந்தரமாக்கிடலாம். சரியா வரலேன்னா பழையபடி கீழே போகணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேடம்.

ராமலிங்கத்துக்கு இது தெரிந்ததும், மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டார். "இன்னாம்மா அம்சா, மேல டாக்டரம்மா மாதிரி உக்காந்துக்கினு கீறியாமே? உக்காரு, உக்காரு. உன் துடைப்பம் எங்கயும் போவாது. மூலையில பத்திரமா வச்சிருக்கேன்."

"வச்சிருங்கண்ணே. சும்மா இருந்தா நீங்க எடுத்துக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

அவளுக்கு முதலில் கொடுக்கப்பட்டது ஏழாம் நம்பர் மரம். முதலில் கைக்கு வந்தது என்பதால் அதன்மேல் தனி ஒட்டுதல். எண்ணி முடித்த பிறகும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, தன் குடும்பத்தை அதில் ஏற்றினாள். பட்டைக்கு அடுத்த வளையத்தில் இருந்து உள்ளே போக வேண்டும். கங்கையம்மாள் கண்ணை மூடிய வருசம் இது. அப்பா மாரி போன வருசம் இது. அந்த வளையம் அகலமாக இருந்தது, அம்சா அதைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தாள். தென்னேரி ஏரி வெடித்துக் கிடந்து, அவள் அக்காள் குடும்பம் வாலாஜாபாத்துக்குக் கிளம்பிப் போன வருசத்தைத் தேடினாள். அது கொழுத்துக் கிடந்தது.

"இன்னா மேடம் இது? நாங்க தண்ணிக்கு அல்லாடின வருசம், இது நல்லா சாப்பிட்டுக்கினு இருந்திருக்குது?"

"உங்க ஏரி காஞ்சா அதுக்கென்ன அம்சாம்மா? அதுக்கு அதோட பனி, அதோட வெயில்."

"பக்கத்து வீட்டுல எழவு விழுந்தாலும் பாட்டு வைக்கிறவன் மாதிரி கீது" என்று மரத்தைத் திட்டினாள்.

பிறகு ராமராஜன் பிறந்த வருசம், அது நடுத்தரம். அதற்கு இரண்டு வருசம் உள்ளே தள்ளி அவள் கல்யாண வருசம். அந்த வளையம் நல்ல அகலம், வெளுப்பும் கருப்பும் ஜரிகைக் கோடு மாதிரி பளிச்சென்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் யேசுதாசிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"யோவ், நம்ம கல்யாணம் ஆன வருசம் அங்க மரம் எல்லாம் எப்படித் தெரியுமா வளர்ந்திருக்குது? இம்மாம் அகலம்."

"பின்ன? எனக்குக் கட்டிக் குடுத்தாங்களே. இமயமலைக்கே சந்தோசம்" என்றார் யேசுதாஸ். மறுநாளில் இருந்து ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்தார். பெரிய காஞ்சிபுரத்தில் இருந்து ஐயம்பேட்டை வரைக்கும் அந்தத் தேவதாரு கல்யாணம் தெரிந்துபோனது.

மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதை அம்சா போகப் போகத் தெரிந்துகொண்டாள். பாதி மரம் கீழே, கல்லுச் சரிவில் நிற்பவை. பாதி மரம் மேலே, பனி எல்லைக்குப் பக்கத்தில். கீழே இருப்பவற்றுக்குப் பனி குறைந்து வசந்தத்தில் வெயில் ஏறினால் போச்சு, வேருக்கு ஈரம் இல்லாமல் வளையம் இழை போல மெலிந்துவிடும். மேலே இருப்பவற்றுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, குளிர்தான் எதிரி. அதே வெயில் வந்தால் அவை கொஞ்சம் கை கால் நீட்டிக்கொள்ளும். கொஞ்ச காலமாக மேலே இருப்பவை அகலமாகிக்கொண்டும் கீழே இருப்பவை மெலிந்துகொண்டும் வருகின்றன, இந்த நாற்பது மரம் அதைத்தான் சொல்லப்போகிறது என்றார் மேடம்.

"ஒரு வயித்துல பொறந்த அக்கா தங்கச்சிங்களை ஒண்ணை மேட்டுலயும் ஒண்ணைப் பள்ளத்துலயும் கட்டிக் குடுத்த மாதிரி" என்றாள் அம்சா. "ஒரே மழைக்கு ஒருத்தி சிரிப்பா, ஒருத்தி அழுவா."

மூன்றாவது மாசம் முடிகிற வெள்ளிக்கிழமை, நாற்பது மரத்தின் கணக்கையும் சுகாசினி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோடு. கீழ்ச் சரிவில் இருபது, மேலே இருபது. மேலே உள்ளவை ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. கீழே உள்ளவற்றில் பதினைந்து பொருந்தின. ஐந்து மட்டும் முப்பது வருசம் வரைக்கும் கூடவே வந்து, அதற்கப்புறம் உள்ளே போகப் போக ஒரு வருசம் தள்ளியே நடந்தன. அந்த ஐந்தில் ஏழாம் மரமும் ஒன்று.

அம்சா ஸ்டூலைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மிஸ்ஸிங் ரிங் மேடம்" என்றாள் சுகாசினி. "அஞ்சுமே அந்த மோசமான கல்லுச் சரிவுல இருக்கிறது. அந்த வருஷம் வளையமே போட்டிருக்காது."

மேடம் தலையாட்டினார். "நடக்கிறதுதான். ரொம்பக் கஷ்டமான வருஷத்துல மரம் அடிப்பக்கம் வளையம் போடாமலே விட்டுடும். சரி, அஞ்சையும் எடுத்துடலாம். முப்பத்தஞ்சு வச்சு ரிப்போர்ட்டை முடி. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடணும்."

"அக்கா கவுன்ட் எல்லாம் பக்கா மேடம்."

"அதான் தெரியுதே. திங்கட்கிழமையே அவங்க பேரையும் எழுதிடறேன்."

பழி மரத்தின் பேரில் போனது. அம்சாவுக்குப் பெரிய நிம்மதி. ஏழாம் மரத்தை எடுத்துவிடுகிறார்களே என்று மட்டும் ஒரு சின்ன வருத்தம். அதையும் படியிறங்கும்போது ராமலிங்கத்திடம், "அண்ணே, அந்தத் துடைப்பத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொன்னபோது மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிள்ளையார்பாளையம் போனாள். குமாரசாமி வீட்டில் புதுப் பாவு வந்திருந்தது. குமாரசாமி தறிமேடையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்ப, அவர் மனைவி வடிவாம்பாள் எதிரில் உட்கார்ந்து இழையைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். அம்சா சாம்பல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு முறுக்கினாள்.

"என்னடி காலேஜ்காரி, மரத்துக்கெல்லாம் ஜாதகம் எழுதுறியாமே? உன் வீட்டுக்காரரு ஆட்டோவுல வந்தேன். இறங்கற வரைக்கும் அதே பாட்டு."

"அது வாயை வச்சுக்கினு சும்மா இருக்குமாக்கா? இமயமலையே அது கல்யாணத்துக்கு வந்த மாதிரி பேசும்."

பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. ஆயிரம் இழை தாண்டியிருக்கும். இரண்டு இழை கஞ்சியில் ஒட்டிக்கொண்டு வந்தன. அம்சாவின் கட்டைவிரல் அவற்றைத் தொட்டது, ஒன்றாகச் சேர்த்தது, ஒரு முறுக்கு முறுக்கியது, அடுத்த இழைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏண்டி நின்னுட்ட? மயக்கமா வருதா?"

"ரெண்டை ஒண்ணாக்கிட்டேன்க்கா."

"அதனால என்ன? எப்பவும் செய்யறதுதானே? கடைசியில உதிரி ஒண்ணு விட்டுக்கலாம்."

"மரத்துக்கு உதிரி எங்கக்கா போறது?"

"எந்த மரத்துக்குடி?" என்றாள் வடிவாம்பாள். அம்சா விரலில் இருந்த சாம்பலைத் துடைத்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஏழாம் மரம் நின்றது. முப்பதாவது வளையத்துக்குப் பக்கத்தில், இடையில் வெளுப்பே தெரியாமல், இரண்டு கருப்புக் கோடு ஒட்டிக்கொண்டு இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. மற்ற நாலு மரத்திலும் அந்த இடத்தில் அப்படித்தான். அதைப் பார்த்தபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒட்டிக்கிடக்கிற இழை, ஒன்று என்று எண்ணிக்கொண்டு போய்விட்டாள். வளையத்தை விட்டது மரம் இல்லை.

மிச்ச இழைகளில் ஒட்டியிருந்ததை எல்லாம் அன்றைக்கு அவள் நகத்தால் பிரித்துப் பிரித்தே முறுக்கினாள். நாலு இழை அறுந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. வடிவாம்பாள், "இன்னிக்கு உனக்கு ஏதோ பிடிச்சிருக்கு" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் யேசுதாசிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத்த யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. மரம்தான் தப்புன்னு எழுதப் போறாங்க."

"அப்புறம் இன்னாமே? மரம் வந்து சாட்சி சொல்லப் போவுதா? நாளைக்கு உன் பேரு மேல போவுது. அப்புறமா, ஒரு ஆறு மாசம் கழிச்சு, மெதுவா சொல்லிக்கோ."

அதில் நியாயம் இருப்பது போலத்தான் அம்சாவுக்கும் இருந்தது. ஐந்து மரம்தானே. முப்பத்தைந்து இருக்கிறது. ஆனால் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. எடுக்கப்போகிற ஐந்தும் எவை? எல்லாவற்றையும்விட மோசமான இடத்தில் நின்று, அந்த வருசம் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காய்ந்தவை. வளையம் இழையாகப் போனதே அதனால்தான். அவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துப் பார்த்தால், அந்த வருசம் அப்படி ஒன்றும் பெரிய வறட்சி இல்லை என்றுதான் வரும். பந்தியில் சோறு கிடைக்காதவனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் வயிறு நிறைந்தது என்று எழுதி வைக்கிற மாதிரி. அவள் அப்பா மாரி அப்படி எழுப்பப்பட்ட பந்திகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கே சொல்லிடறேன்யா" என்றாள் அடுப்படியில் இருந்து.

யேசுதாஸ் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும். நீ சொல்லாட்டியும் உன் மூஞ்சி சொல்லிடும். காலையில நானே கொண்டாந்து விடறேன், பஸ்ஸுக்கு நிக்காத."

திங்கட்கிழமை காலையில் மேடத்துக்கு முன்னால் போய் நின்றாள். கையில் சாம்பல் டப்பா.

"மேடம், கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"அஞ்சு மரமும் வளையம் போட்டிருக்குது மேடம். நான்தான் விட்டுட்டேன்."

பாவு பிணைக்கிற பழக்கத்தை, ஒட்டின இழையை, கங்கையம்மாள் சொன்னதை எல்லாம் நின்றபடியே சொன்னாள். சுகாசினி நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டாள்.

"அக்கா! மூணு மாசம்க்கா! ரிப்போர்ட் முடிச்சாச்சு!"

"தெரியும்மா. திட்டு, வாங்கிக்கிறேன்."

மேடம் குரலை உயர்த்தவில்லை. "எத்தனை மரத்துல இப்படிச் செஞ்சிருக்கீங்க?"

"அஞ்சுல செஞ்சது தெரியுது. மத்ததுல வேற எங்கயாவது செஞ்சிருக்கனான்னு என் கைக்குத்தான் தெரியும் மேடம். எனக்குத் தெரியாது."

ஏழாம் மரத்தை எடுத்து வந்தார்கள். உப்புத்தாள் பட்டு மழுங்கியிருந்த அந்த இடத்தை அம்சா புது பிளேடால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சீவு சீவினாள். பிறகு டப்பாவைத் திறந்து, நுனிவிரலால் சாம்பலைத் தொட்டு அதன்மேல் பூசி, ஊதினாள். மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் சாம்பல் போய் உட்கார்ந்தது. கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

மேடம் குனிந்தார். கருப்புக் கோடு. அடுத்து, முடியில் பாதி கனத்துக்கு ஒரு வெளுப்பு. அடுத்து, இன்னொரு கருப்புக் கோடு.

"இருக்குது" என்றார் மேடம், மெதுவாக.

மற்ற நாலு மரத்திலும் இருந்தது. சுகாசினி உட்கார்ந்து, ஐந்து கோட்டிலும் அந்த இடத்தில் ஒரு வருசத்தைச் செருகினாள். தள்ளி நடந்துகொண்டிருந்த ஐந்தும் ஒரு அடி நகர்ந்து மற்ற பதினைந்தோடு போய்ச் சேர்ந்துகொண்டன. சேர்ந்ததும், அந்த ஒரு வருசத்தில் மொத்தக் கோடும் முன்னைவிட ஆழமாகக் கீழே இறங்கியது. மேலே உள்ள இருபது மரம் அதே வருசத்தில் மேலே ஏறி இருந்தது.

"இதை விட்டிருப்போம்" என்றாள் சுகாசினி. அவள் கோபம் பாதிக்கு மேல் போயிருந்தது. "அந்தச் சாம்பல்ல என்னக்கா இருக்குது?"

"வரட்டி சாம்பல்தாம்மா. சலிச்சது."

மேடம் கையெழுத்துப் போட வைத்திருந்த தாளை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார். "நாற்பதையும் மறுபடி முதல்ல இருந்து பார்க்கணும். ஒவ்வொண்ணும் சீவி, சாம்பல் பூசி. ஒட்டிக்கிட்டு இருந்தா நீங்களா முடிவு பண்ணக் கூடாது. பென்சில்ல ஒரு வட்டம் போட்டுட்டு என்னைக் கூப்பிடணும். அது முடியற வரைக்கும் உங்க பேரை ஆபீசுக்கு எழுத முடியாது."

"சரி மேடம்." அம்சா டப்பாவை மூடினாள். "அப்போ நான் கீழே போயிடட்டுமா?"

"கீழே போய்ட்டா நாற்பதையும் யாரு எண்றது?" என்றார் மேடம்.

ஆனால் ஆபீசில் அப்படி லேசாக விடவில்லை. மூன்று மாசம் என்றுதான் எழுதியிருந்தது. அதனால் காலையில் பத்து மணி வரைக்கும் பழைய வேலை, அதற்கு மேல் ஸ்டூல் என்று ஆனது. ராமலிங்கம் துடைப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, கேலியாக எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து வேறு சொன்னார்.

"நீயா போய்ச் சொன்னியாமே?"

"ஆமாண்ணே."

"பைத்தியக்காரி" என்றார். அதற்கப்புறம் மூன்றாம் மாடியைக் காலையில் அவரே கூட்டிவிட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், முட்டிக்கு மாடி ஏறுவது நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

நாற்பது மரமும் முடிய ஒன்பது வாரம் ஆனது. மொத்தம் ஒன்பது வட்டம் போட்டாள். அதில் அந்தப் பழைய ஐந்து மட்டும் நிஜமாகவே இரண்டு வளையம். நாலு வட்டத்தில் ஒரே வளையம்தான். நடுவில் வெயில் திடீரென்று ஏறி இறங்கியதில் மரம் குழம்பிப் பொய்க்கோடு போட்டிருந்தது. "இதுவும் நம்மள மாதிரிதான் மேடம், நடுவுல நின்னு யோசிக்குது" என்றாள். ஒன்பதாவது வாரத்துச் சனிக்கிழமை மேடம் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். ஒன்று ரிப்போர்ட். இன்னொன்றில் அம்சாவின் பேர் இருந்தது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அவள் பேர் இருப்பதாகச் சுகாசினி எடுத்துக் காட்டினாள். மரங்களைத் தேய்த்து எண்ணியவர் அம்சா, ஐயம்பேட்டை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, வளையம் பார்க்கச் சாம்பல் பூசிய விதமும் இரண்டு வரி.

அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் யேசுதாஸ் ஆட்டோவோடு நின்றார். உள்ளே நாலு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முன்பக்கம் அவருக்குப் பக்கத்தில் அம்சா ஒண்டிக்கொண்டாள்.

"பேரு போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்புறம் இன்னா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"உனக்கு ஒண்ணு சொல்லணும்யா. ஏழாம் மரத்துல ஒரு வருசம் உள்ள போச்சு இல்ல? அதுக்கு அந்தாண்ட கீற வருசம் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடுச்சு. நான் பொறந்த வருசம், பெரியம்மாகிட்ட வந்த வருசம், எல்லாம்."

"போவட்டும். அதனால?"

"நம்ம கல்யாண வருசமும்தான். அந்த அகலமான வளையம் நம்மளது இல்ல. அது அதுக்கு முந்தின வருசம்."

யேசுதாஸ் கியரைப் போட வந்த கையை எடுத்தார். "அப்போ நம்மளது எது?"

அம்சா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. "ஒட்டிக்கினு இருந்துச்சே, அதான். மயிரிழை கனம். சாம்பல் பூசாம கண்ணுக்கே தெரியல."

பின்னால் இருந்த ஒரு அம்மாள் கொல்லென்று சிரித்தாள். "இன்னாப்பா யேசுதாசு, இமயமலையே சந்தோசப்பட்டுச்சுன்ன?"

"அது... அந்த வருசம் அங்க வெயில் ஜாஸ்திமா" என்றார் யேசுதாஸ், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. ஐயம்பேட்டை திருப்பம் வந்ததும் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"அதுக்கு அடுத்த வருசம்?"

"அதுவும் மெல்லிசுதான். ரெண்டும்தானே ஒட்டிக்கினு இருந்துச்சு. அதுக்கும் அடுத்தது பரவால்ல, ராமராஜன் வந்துட்டான் இல்ல. அப்புறம் நல்லாத்தான் போயிருக்குது."

"ஒட்டிக்கினுதான் இருந்துச்சா?"

"ஒட்டிக்கினுதான்யா இருந்துச்சு. பிளேடு போட்டுத்தான் பிரிச்சேன்."

யேசுதாஸ் பின்பக்கம் திரும்பி, "கேட்டுக்கம்மா, அதையும் நல்லா கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு, எதிரில் யாருமே இல்லாத ரோட்டில் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.